இறைமறுப்பு அமைப்புகளில் பெண்வெறுப்பு எங்கிருந்து வந்தது?

கேள்வி கேட்டவர்: ஆதிரை

மேற்கு நாடுகளின் நாத்திக அமைப்புகளின் வரலாற்றைச் சில காலமாகப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க ஒரு கேள்வி வலுக்கிறது. இங்கே இத்துறையில் ஊன்றிப் படித்தவர்கள் இருப்பதால் அதை முன்வைக்கிறேன்.

2011 ஜூனில் டப்ளின் நகரில் நடந்த உலக நாத்திகர் மாநாட்டில், ரெபெக்கா வாட்சன் என்ற அமெரிக்க வலைப்பதிவர் இவ்வியக்கத்துக்குள் பெண்கள் எதிர்கொள்ளும் இழிவுகளைப் பற்றிப் பேசினார். அன்றிரவு விடுதியின் மதுக்கூடத்தில் பலருடன் உரையாடிக்கொண்டிருந்துவிட்டு, அதிகாலை நான்கு மணியளவில், களைப்பாக இருக்கிறது, உறங்கப் போகிறேன் என்று சொல்லி எழுந்தார். அங்கிருந்த ஓர் ஆண் அவருடன் மின்தூக்கியில் ஏறி, தன் அறைக்குக் காப்பி அருந்த வருமாறு அழைத்தார். பின்னர் வெளியிட்ட ஒரு காணொளியில் வாட்சன் இதைச் சுருக்கமாகச் சொல்லி, ஆண்களே, இப்படிச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அவர் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. எவர் மீதும் நடவடிக்கை கோரவில்லை. அதற்கே வன்புணர்வு மிரட்டல்களும் வசைகளும் ஆண்டுக்கணக்கில் அவரைத் தொடர்ந்தன. நாத்திக எழுத்தாளரும் உயிரியலாளருமான ரிச்சர்ட் டாக்கின்ஸ் ஒரு வலைப்பூவின் பின்னூட்டத்தில், கற்பனையான ஒரு முஸ்லிம் பெண்ணுக்கு எழுதும் மடலின் வடிவில், அப்பெண் படும் கொடுமைகளுக்கு முன்னால் இதெல்லாம் ஒரு குறையா என்று எள்ளி எழுதினார். அவர் அதற்கு வருத்தம் தெரிவித்தது 2014இல்தான்.

மதமே பெண்ணடிமைத்தனத்தின் ஊற்று என்று சொல்லி வந்தவர்கள் இவர்கள். அப்படியானால் மதத்தை விட்டவர்களிடம் அது ஏன் வற்றவில்லை? வழக்கமாக இரண்டு விடைகள் கிடைக்கின்றன. ஒன்று, இது மதம் விட்டுச்சென்ற மிச்சம் என்பது. மற்றொன்று, எண்ணிக்கையில் ஆண்கள் அதிகம், ஆகவே சூழலும் அப்படித்தான் இருக்கும் என்பது. பியூ ஆய்வு மையம் 2014இல் நடத்திய கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் தம்மை நாத்திகர் என்று சொல்லிக்கொள்வோரில் 68 விழுக்காட்டினர் ஆண்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த எண்ணிக்கை காரணமா விளைவா என்பதே கேள்வியாக இருக்கும்போது, அதையே விடையாக எப்படி ஏற்பது? இணையம் வருவதற்கு முந்தைய வேர்கள் இருந்தால் அறிய விரும்புகிறேன்.

நூலடுக்கு எழுதிய பதில்

மதத்தின் மிச்சம் என்ற விடை எனக்கும் போதவில்லை. இறைமறுப்பாளர்கள் தாங்களே உருவாக்கி, தங்கள் தேவைக்காகவே வளர்த்தெடுத்த ஒரு பெண் உருவம் 19ஆம் நூற்றாண்டில் இருந்தது. அவள் பாதிரியாரின் கைப்பாவை. ஆண் பகுத்தறிவுக்கு வந்துவிட்டான், பெண்ணோ இன்னும் கோயில் வாசலில் நிற்கிறாள், அவள் வழியாகத்தான் திருச்சபை வீட்டுக்குள் நுழைகிறது என்ற இந்தச் சித்திரம் பிரான்சில்தான் மிகத் தெளிவாகத் தீட்டப்பட்டது. வரலாற்றாசிரியர் ஜூல் மிஷ்லே 1845இலேயே இதற்கென ஒரு நூல் எழுதினார். பாவங்களைக் குருவிடம் அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தின் வழியாகக் குருவானவர் மனைவியின் மனத்தைக் கைப்பற்றிக்கொள்கிறார், அதனால் கணவன் தன் வீட்டிலேயே அயலானாகிவிடுகிறான் என்பது அதன் மையப் புகார். இதில் பெண்ணின் மனம் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு ஆண்கள் வழக்காடுகிறார்கள். அவளைக் கேட்போம் என்று மூன்றாவதாக எவரும் சொல்லவில்லை.

இந்த உருவம் அமைப்புகளின் விதிகளுக்குள் எப்படி நுழைந்தது என்பதற்கு மரியா டெரேமின் கதை ஒன்றே போதும். அவர் பிரான்சின் முன்னணிப் பெண்ணுரிமையாளர், திருச்சபை எதிர்ப்பாளர், தேர்ந்த மேடைப் பேச்சாளர். 1882 ஜனவரியில், பாரிஸை அடுத்த லெ பெக் என்ற ஊரில், ஆண்களை மட்டுமே சேர்த்துவந்த பிரீமேசன் என்ற சகோதரத்துவ அமைப்பின் மன்றம் ஒன்று அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அம்மன்றத்தின் பெயரே 'சுதந்திரச் சிந்தனையாளர்கள்' என்பதாகும். பெண்ணைச் சேர்த்த குற்றத்துக்காக அது ஒதுக்கி வைக்கப்பட்டது. பின்னர் அது பழைய அமைப்புக்குள் திரும்பியது. டெரேமுக்கோ அங்கே இடம் இல்லாமல் போயிற்று. அவர் 1893இல் ஆண்களும் பெண்களும் சமமாக அமரும் தனி அமைப்பையே நிறுவ வேண்டியிருந்தது. பிரான்சின் மிகப் பெரிய மேசன் அமைப்பான கிராண்ட் ஓரியன்ட், உறுப்பினர் கடவுளை நம்ப வேண்டும் என்ற நிபந்தனையை 1877இலேயே நீக்கிவிட்டது. பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தன் மன்றங்களுக்கு அனுமதி அளித்தது 2010இல். அது முழுமையான நாத்திக அமைப்பு அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் பிரான்சின் மூன்றாம் குடியரசின் (1870–1940) மதச்சார்பற்ற அரசியல் பெரிதும் அத்தகைய மன்றங்களில்தான் உருவாயிற்று.

அந்த அரசியலின் விளைவு வாக்குச்சீட்டில் தெரிந்தது. பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் கீழவை 1919இல் பெண்களுக்கு வாக்குரிமை அளிக்க இசைந்தது. செனட் 1922 நவம்பரில் 156க்கு 134 என்ற கணக்கில் அதை நிராகரித்தது. எதிர்ப்புக்குத் தலைமை தாங்கியவர்கள் பழைமைவாதிகள் அல்லர். குருமார் ஆதிக்கத்தை எதிர்த்த ராடிக்கல் கட்சியினர். அக்கட்சியின் செனட்டர் அலெக்சாந்தர் பெரார் 1919இல் அளித்த அறிக்கையில், பெண்களுக்கு வாக்குரிமை அளிப்பது குடியரசின் கல்லறையை மூடி முத்திரையிடுவதற்கு ஒப்பாகலாம் என்று அஞ்சினார். பெண்ணின் கை வாக்குச்சீட்டைப் பிடிப்பதற்கு அன்று, முத்தமிடப்படுவதற்கே உரியது என்றும் அதே அறிக்கை கூறிற்று. முதல் வாதத்தை அரசியல் கணக்கு என்று விட்டுவிடலாம். இரண்டாவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பிரெஞ்சுப் பெண்கள் வாக்குரிமை பெற 1944 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஆகவே ஆதிரை, உங்கள் கேள்விக்கு என் விடை: பெண் என்றால் பக்தி, ஆண் என்றால் பகுத்தறிவு என்ற பிரிவினை இவ்வியக்கத்தின் ஓரத்தில் கிடந்த தூசி அன்று. தன் எதிரி யார் என்று அது வரையறுத்துக்கொண்ட விதத்திலேயே அது இருந்தது.

மாறன் எழுதிய பதில்

நூலடுக்கு அவர்களின் பதிவு செறிவானது. எனினும் பிரான்சை மட்டும் வைத்து முழு வரலாற்றுக்கும் தீர்ப்பு எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பெண் பொதுமேடையில் ஏறுவதே ஒழுக்கக்கேடு என்று கருதப்பட்ட காலத்தில் அவளுக்கு மேடை கொடுத்தவர்கள் யார்?

இங்கிலாந்தில் ரிச்சர்ட் கார்லைல் மத எதிர்ப்பு நூல்களை வெளியிட்டதற்காகச் சிறையில் இருந்தபோது, அவருடைய மனைவி ஜேனும் தங்கை மேரி ஆனும் கடையை நடத்திச் சிறை சென்றார்கள். சரிகை பின்னும் தொழிலாளியான சூசன்னா ரைட், 1822இல் கைக்குழந்தையோடு வழக்கு மன்றத்தில் நின்று தம் கருத்தைத் தாமே வாதிட்டார். எலைசா ஷார்ப்பிள்ஸ் 1832இல் லண்டனில் மேடையேறி மதத்தை எதிர்த்துப் பேசியதோடு ஓர் இதழுக்கும் ஆசிரியராக இருந்தார். அமெரிக்காவில் பிரான்சிஸ் ரைட் 1828 முதல் ஆண்களும் பெண்களும் கலந்த கூட்டங்களில் உரையாற்றினார். போலந்தில் யூத மதகுரு ஒருவரின் மகளாகப் பிறந்த எர்னஸ்டின் ரோஸ், நாத்திகத்தை ஆதரித்து 1861இல் பாஸ்டனில் நிகழ்த்திய உரை இன்றும் படிக்கத்தக்கது. இவர்களை வேசி என்றும் அரக்கி என்றும் ஏசியவர்கள் பாதிரிமார்களும் அவர்களைச் சார்ந்த ஏடுகளும்தான். அன்றைய பெரிய திருச்சபைகளில் ஒரு பெண்ணால் வேதத்தை விளக்கிப் பேசவே முடியாது. இங்கிலாந்தின் தேசிய மதச்சார்பின்மைச் சங்கத்தை நிறுவிய நாத்திகத் தலைவர் சார்ல்ஸ் பிராட்லா பெண்களின் வாக்குரிமையை வெளிப்படையாக ஆதரித்தவர்.

மேலும் ஸ்பெயினை நினைவுபடுத்த விரும்புகிறேன். 1931இல் பெண்களுக்கு இப்போது வாக்குரிமை வேண்டாம், அவர்கள் குருமார் சொன்னபடி வாக்களிப்பார்கள் என்ற வாதத்தின் பக்கம் நின்றவர்களுள் விக்டோரியா கென்ட் என்ற நாடாளுமன்றப் பெண் உறுப்பினரும் ஒருவர். அவரைப் பெண்வெறுப்பாளர் என்பீர்களா? அப்போதுதான் பிறந்திருந்த குடியரசு பிழைக்குமா என்ற மெய்யான அச்சம் அது. பெண்வெறுப்பு என்ற கனமான சொல்லை எல்லாவற்றின் மேலும் ஏற்றிவிட்டால் அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள முடியாமல் போய்விடும்.

செங்காந்தள் எழுதிய பதில்

மாறன் குறிப்பிட்ட பெண்கள் அனைவரும் மெய்யாகவே அந்த மேடையில் நின்றார்கள்; அந்த மேடை வேறெங்கும் கிடைக்கவில்லை என்பதும் மெய். என்ன நிபந்தனையின் பேரில் நின்றார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். மதத்தை மறுக்கும் பெண் திருச்சபைக்கு எதிரான உயிருள்ள சான்று. அந்த அளவில் அவளுக்குக் கைதட்டல் உண்டு. அதே பெண் தன் உடல், தன் திருமணம், தன் குழந்தைகள் பற்றிப் பேசத் தொடங்கியதும், இயக்கத்தின் நற்பெயர் என்ன ஆவது என்ற கவலை எழுந்தது.

1877ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். சார்ல்ஸ் நோல்டன் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிய கருத்தடை நூலை விற்றதற்காக வழக்கு வந்தபோது, அதன் பதிப்பாளரும் தேசிய மதச்சார்பின்மைச் சங்கத்தின் முக்கியப் பொறுப்பாளருமான சார்ல்ஸ் வாட்ஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டு விலகினார். அன்னி பெசன்ட்டும் பிராட்லாவும் அதே நூலைத் தாங்களே அச்சிட்டு, வேண்டுமென்றே சட்டத்துக்குச் சவால் விட்டார்கள். இருவருக்கும் ஆறு மாதச் சிறையும் 200 பவுண்டு அபராதமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டில், குற்றச்சாட்டு வரையப்பட்டதிலிருந்த குறையால் தீர்ப்பு தள்ளுபடியாயிற்று. தண்டனை தப்பியது, பெசன்ட்டுக்கு இழப்பு தப்பவில்லை. அவருடைய பிரிந்த கணவர் ஆங்கிலிக்கப் பாதிரியார். 1878இல் அவர் தொடுத்த வழக்கில், நாத்திகத்தையும் இந்த நூலையும் காரணமாகக் காட்டி, மகள் மேபலைத் தாயிடமிருந்து நீதிமன்றம் பிரித்தது. பெசன்ட் தாமே வாதாடினார்; ஒரு பெண்மணி தன் வழக்கைத் தானே நடத்துவதை நீதிபதி ரசிக்கவில்லை. ஒரே நூல், ஒரே வழக்கு. ஆனால் பிராட்லா இழந்ததும் பெசன்ட் இழந்ததும் ஒன்று அல்ல.

சங்கத்துக்குள்ளும் பிளவு வந்தது. கருத்தடையோடு நம் பெயர் சேர்ந்தால் நாத்திகர்கள் ஒழுக்கமற்றவர்கள் என்ற பழி உறுதியாகிவிடும் என்று அஞ்சியவர்கள் பலர். 'மதச்சார்பின்மை' என்ற கொள்கைக்கே பெயரிட்ட ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக் தள்ளி நின்றார். அவரும் வாட்ஸும் ஹாரியட் லாவும் சேர்ந்து தனிச் சங்கம் கண்டார்கள். இந்தப் பிளவுக்குப் பிராட்லாவின் தனி ஆதிக்கத்தின் மேல் இருந்த கசப்பும் ஒரு காரணம் என்பதால் இதை முழுக்கப் பெண் பற்றிய சண்டையாக நான் சித்திரிக்கவில்லை. ஹாரியட் லா ஒரு பெண்ணுரிமையாளர். தொழிலாளர்களின் முதலாம் அகிலத்தின் பொதுக்குழுவில் இடம்பெற்ற ஒரே பெண். இன்று இயக்கத்தின் சொந்த வரலாற்றில் அவர் பெயரை எத்தனை பேர் சொல்கிறார்கள்?

பெசன்ட் 1889இல் பிரம்மஞான சபையில் சேர்ந்தபோது பழைய தோழர்கள் ஏமாற்றம் அடைந்தது இயல்புதான். எனக்கும் அந்த மாற்றத்தில் உடன்பாடில்லை. ஆனால் அதற்குச் சுற்றிவந்த விளக்கத்தைக் கவனியுங்கள்: அவர் எப்போதும் அருகில் இருந்த ஆணின் கருத்தையே பற்றிக்கொண்டவர் என்பது. பாதிரியாரின் கைப்பாவை என்று நூலடுக்கு சொன்ன அதே உருவந்தான் இது; பாதிரியார் இருந்த இடத்தில் நாத்திகத் தலைவர் வந்து நிற்கிறார், அவ்வளவே. அமெரிக்காவிலும் இதே கதை. ஹெலன் கார்டனர் 1880களில் மதத்தில் பெண்ணின் நிலையைக் கிழித்துப் பேசியபோது, புகழ்பெற்ற மத மறுப்புப் பேச்சாளர் இங்கர்சாலோடு ஒப்பிட்டு, உச்சக்குரலில் ஒலிக்கும் இங்கர்சால் என்று ஒரு செய்தியேடு அவரை வருணித்தது. பாராட்டாகத்தான் எழுதியிருப்பார்கள்.

விக்டோரியா கென்ட் பற்றி மாறன் கேட்டதற்கு ஒன்று: அவரை எதிர்த்து நின்ற கிளாரா கம்போமோரையும் சேர்த்துப் பேச வேண்டும். அவர் தம் கட்சியையே மீறிப் பெண்களுக்காக வாதாடினார். 161க்கு 121 வாக்குகளில் வென்றார். 1933இல் பெண்கள் முதன்முறையாக வாக்களித்த பொதுத்தேர்தலில் வலதுசாரிகள் வென்றதும் பழி முழுவதும் அவர் தலையில் விழுந்தது. இடதுசாரிகள் பிளவுபட்டுப் போட்டியிட்டதைப் பற்றி அவ்வளவு கடுமையாக யாரும் பேசவில்லை. தனி மனிதர் ஒருவருடைய உள்ளத்தில் வெறுப்பு இருந்ததா என்று தேடுவதைக் காட்டிலும், தோல்வி வந்தால் கணக்கு யாரிடம் கேட்கப்படுகிறது என்று பார்ப்பது பயனுள்ளது.

கணிமேகம் எழுதிய பதில்

ஒரு வேர் விடுபட்டிருக்கிறது. கடவுளின் கட்டளை என்ற காரணம் போனபின், பெண் கீழ்ப்பட்டவள் என்பதற்கு இயற்கை என்ற புதிய காரணம் கிடைத்தது. டார்வின் 1871இல் மனிதனின் தோற்றம் பற்றி எழுதிய நூலில், ஆழ்ந்த சிந்தனையோ கற்பனையோ தேவைப்படும் எதிலும் ஆண் பெண்ணைவிட உயர்ந்த நிலையை எட்டுகிறான் என்று எழுதினார். வேதத்தை வரிக்கு வரி கேள்வி கேட்டவர்கள் பலர் இதைக் கேள்வியின்றி ஏற்றார்கள். அன்டோனெட் பிரவுன் பிளாக்வெல் 1875இலேயே இதற்கு மறுப்பு எழுதினார். அவர் மத நம்பிக்கை உள்ளவர், முறைப்படி போதகராக அமர்த்தப்பட்டவர் என்பது இந்த இழைக்குச் சற்றே சங்கடமான செய்தி. மேலே சொன்ன ஹெலன் கார்டனர், பெண்ணின் மூளை தாழ்ந்தது என்று அடித்துச் சொன்ன வில்லியம் ஹாமண்ட் என்ற நரம்பியல் மருத்துவரிடம் சான்று கேட்டு 1888இல் உரை நிகழ்த்தினார். பெயர் சொல்லாமல் கையில் கொடுத்தால், இது ஆணுடைய மூளை, இது பெண்ணுடைய மூளை என்று பிரித்துக் காட்ட முடியுமா என்பதே அவர் கேள்வி. முடியாது என்று நிபுணர்களிடமே கேட்டறிந்துகொண்டுதான் மேடையேறினார்.

அந்த வாதம் ஓய்ந்துவிடவில்லை. தம் வாசகர்களில் ஆண்கள் ஏன் அதிகம் என்று 2014இல் கேட்கப்பட்டபோது அமெரிக்க நாத்திக எழுத்தாளர் சாம் ஹாரிஸ், கடுமையாக விமரிசிக்கும் தொனி இயல்பாகவே ஆண்களைக் கூடுதலாக ஈர்க்கலாம் என்ற பொருளில் பேசி, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனையும் இழுத்தார். தம்மைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று பின்னர் விளக்கமும் எழுதினார். புரிதலில் கோளாறு இருந்திருக்கலாம். ஆனால் ஹார்மோனைப் பற்றி நினைப்பதற்கு முன்னால் கூட்டத்தின் சூழலைப் பற்றி ஏன் நினைக்கத் தோன்றவில்லை என்பது என் கேள்வி.

ஆதிரை மீண்டும் எழுதியது

அனைவருக்கும் நன்றி. இந்தப் பெண்கள் பெண்ணுரிமை அமைப்புகளுக்குள்ளாவது நிம்மதியாக இருந்தார்களா? அமெரிக்கன் ஏத்தீயிஸ்ட்ஸ் அமைப்பையே 1963இல் மடலின் மரே ஓ ஹேர் என்ற பெண் நிறுவினார் என்பதையும் சிலர் எதிர்ச்சான்றாகக் காட்டுகிறார்கள். அதற்கு என்ன சொல்வது?

செங்காந்தள் எழுதிய பதில்

நிம்மதி இல்லை. எலிசபெத் கேடி ஸ்டான்டன் பெண்களின் கண்ணோட்டத்தில் விவிலியத்துக்கு விளக்கம் எழுதி வெளியிட்டபோது, அவர் கட்டியெழுப்பிய வாக்குரிமைச் சங்கமே 1896இல் 53க்கு 41 என்ற கணக்கில் அந்நூலுக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று தீர்மானம் போட்டது. எர்னஸ்டின் ரோஸ் 1854இல் தேசியப் பெண்ணுரிமை மாநாட்டுக்குத் தலைமை ஏற்கக் கூடாது, அவர் நாத்திகர் என்று எதிர்ப்புக் கிளம்பியது. வாக்குரிமைப் போராளி சூசன் அந்தோணி ஆதரித்து நின்றதால் தலைமை ஏற்றார். அதே ரோஸ், சுதந்திரச் சிந்தனை இதழ் ஒன்றின் ஆசிரியரான ஹோரஸ் சீவர் யூதர்களை இழிவாக எழுதியதை 1863-64இல் அவ்விதழிலேயே கண்டித்து நீண்ட வாதம் நடத்த வேண்டியிருந்தது. ஆக, பெண்ணாக இருப்பதால் ஓரிடத்தில் சங்கடம், நாத்திகராக இருப்பதால் மற்றோரிடத்தில்.

ஓ ஹேர் பற்றி: இருந்த அமைப்பு ஒன்றில் ஏறி அவர் தலைவராகவில்லை, பொதுப்பள்ளிகளில் கட்டாய விவிலிய வாசிப்புக்கு எதிரான வழக்கில் பெற்ற புகழைக் கொண்டு தாமே ஓர் அமைப்பை உருவாக்கினார். அமெரிக்கப் பெண்ணுரிமையாளர் மட்டில்டா கேஜ் 1890இல், டெரேம் 1893இல், அமெரிக்காவின் ஆன் நிக்கல் கெய்லரும் அவர் மகளும் 1976இல் தனி அமைப்புகளைத் தொடங்கினார்கள் என்று இதே கோலம் திரும்பத் திரும்ப வருகிறது. பெண் தலைவர்கள் இருந்தார்கள் என்பதற்கு இவர்கள் சான்று. கதவு திறந்திருந்தது என்பதற்குச் சான்றாகமாட்டார்கள்.

மாறன் எழுதிய பதில்

கடைசி வாதம் வலுவானது. ஆனாலும் ஒன்றைப் பதிவு செய்கிறேன்: வாட்சனுக்கு ஆதரவாக எழுதியவர்களிலும் நாத்திகர்களே அதிகம், 2012 மே மாதத்தில் மதச்சார்பின்மை இயக்கத்தில் பெண்கள் குறித்தே ஒரு மாநாடு நடந்ததும், ஆகஸ்டில் ஜென் மெக்ரைட் சமூக நீதியோடு இணைந்த நாத்திகம் என்ற முயற்சியைத் தொடங்கியதும் உள்ளிருந்து எழுந்த எதிர்ப்புதான்.

நூலடுக்கு எழுதிய பதில்

மெக்ரைட் அடுத்த மாதமே தொடர் வசைகளால் எழுதுவதை நிறுத்தினார் என்பதையும் சேர்த்துக்கொள்வோம். அந்த ஆண்டில் நடந்த சண்டைகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது, மாநாடுகளுக்குப் பாலியல் சீண்டல் தடுப்பு விதிகள் வேண்டும் என்ற எளிய கோரிக்கைக்கு எழுந்த எதிர்ப்பு. திருச்சபைகளில் நடந்த கொடுமைகளைத் திருச்சபையே விசாரித்துக்கொள்ளக் கூடாது, வெளியார் விசாரிக்க வேண்டும் என்று மிகச் சரியாக வற்புறுத்தியவர்கள், தங்கள் கூட்டத்தில் ஒரு புகார்ப் படிவம் வைப்பதைச் சுதந்திரத்துக்கு ஆபத்து என்றார்கள். ஆயினும் பல அமைப்புகள் அக்காலத்தில் விதிகளை ஏற்றன. 2018 ஏப்ரலில் அமெரிக்கன் ஏத்தீயிஸ்ட்ஸ், தன் தலைவர் மீது புகார்கள் வந்ததும், அவர் அவற்றை மறுத்த நிலையிலும், அவரைப் பணியிலிருந்து நீக்கியது. விதிகள் எந்த அமைப்பில் எவ்வளவு தூரம் நடைமுறைக்கு வந்தன என்பதை ஆண்டு வாரியாக யாராவது தொகுத்திருந்தால் இங்கே பகிருங்கள்.